சாக்கடல் நீரில் இரண்டு அளவுகள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சாக்கடல் நீரில் உள்ள டியூட்டீரியத்தின் (கனமான ஹைட்ரஜன்) அளவு, அளக்கும் முறையைப் பொறுத்து மாறும் என்று எழுதியிருந்தீர்கள். கரைந்திருக்கும் மக்னீசியம் குளோரைடிலோ சாப்பாட்டு உப்பிலோ ஹைட்ரஜனே கிடையாதே! ஏதோ ஓர் அளவு தவறு என்றுதானே அர்த்தம்?

- வேதியியல் நடத்தும் ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

இரண்டு அளவும் சரிதான். உப்புநீரைச் சொட்டு மிச்சமில்லாமல் வடித்தெடுத்து, சூடான துத்தநாகத்தால் ஹைட்ரஜனாக்கி அளந்தால் டியூட்டீரியத்தின் மொத்த இருப்பு தெரியும். உப்பு அதை மாற்றாது. உங்கள் வாதம் இங்கே பொருந்தும். இன்னொரு முறையில், உப்புநீருக்கு மேலே ஹைட்ரஜன் வாயுவை நிரப்பி, பிளாட்டினம் வினையூக்கி வைத்து, சமநிலை வந்தபின் அந்த வாயுவை அளக்கிறார்கள். டியூட்டீரியம் நீரைவிட்டு வெளியேற எவ்வளவு தயாராக இருக்கிறது என்பதை இது காட்டும். உப்பு கைவைப்பது அங்கேதான்.

நீர் மூலக்கூறுகள் ஹைட்ரஜன் பிணைப்புகளால் ஒன்றையொன்று பிடித்திருக்கின்றன. இறுக்கமான பிடி எங்கே உண்டோ அங்கே டியூட்டீரியம் தங்கும். உப்பு கரைந்து அயனி, அதாவது மின்னூட்டம் கொண்ட துகள், வந்ததும் அதைச் சூழ்ந்த மூலக்கூறுகள் பழைய பிடியை விட்டு அதன் பக்கம் திரும்பிக்கொள்கின்றன. டியூட்டீரியத்தின் மீதான பிடி தளர்கிறது. ஆவியில் அது கூடுகிறது. அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வகத்தில் ஹொரிடா குழுவினர் ஆறு உப்புகளைச் சோதித்து 1993இல் வெளியிட்டார்கள். ஆறிலும் இதே திசைதான்.

எனக்கு வியப்பு தீராத இடம் ஆக்சிஜன். மக்னீசியம் அயனி நீரை ஆக்சிஜன் பக்கமாகப் பிடிப்பதால், கனமான ஆக்சிஜன்-18 அதனிடம் மாட்டிக்கொள்கிறது. ஆவியில் அது குறைகிறது. ஒரே நீர், ஒரே உப்பு, ஆனால் ஹைட்ரஜன் ஒரு திசையில், ஆக்சிஜன் எதிர்த்திசையில்!

அளவு சிறியதுதான். 25 டிகிரியில் நல்ல நீரின் ஆவியில் டியூட்டீரியம், நீரில் இருப்பதைவிட ஆயிரத்துக்கு 70க்கு மேல் குறைவு. ஒரு கிலோ நீரில் ஒரு மோல், அதாவது சுமார் 58 கிராம் சாப்பாட்டு உப்பைக் கரைத்தால் அந்த இடைவெளி ஆயிரத்துக்கு ஏறக்குறைய 2 சுருங்கும். அதே ஒரு மோல் மக்னீசியம் குளோரைடு என்றால் சுமார் 5, கால்சியம் குளோரைடு என்றால் 6. சாதாரணக் கடல்நீரில் இது ஒன்றிரண்டோடு நின்றுவிடும். சாக்கடலிலோ லிட்டருக்கு சுமார் 340 கிராம் உப்பு, அதிலும் மக்னீசியம் குளோரைடே அதிகம். எனவே ஆயிரத்துக்குப் பத்தைத் தாண்டிவிடுகிறது.

அப்புறம், எந்த எண்ணைப் பயன்படுத்துவது? யோர்தான் ஆற்று நீர் சாக்கடலில் எவ்வளவு கலந்தது என்று கணக்கிட மொத்த இருப்பு வேண்டும். சாக்கடல் ஆவியாவதைக் கணக்கிட, வாயுவைச் சமநிலைப்படுத்தி அளந்த மற்ற எண் வேண்டும்.