வளரும் பிள்ளைக்குப் பெரிய கண்ணாடி வாங்கலாமா?

கேள்வி: என் மகளுக்கு 6 வயது. இரு கண்களுக்கும் மைனஸ் 4 பவர் இருப்பதாகக் கூறிக் கண்ணாடிக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். வளரும் பிள்ளை என்பதால் சற்றுப் பெரிய பிரேமாக எடுத்தால் இரண்டு ஆண்டுகளுக்கு வரும் என்று நினைக்கிறோம். இது சரியா? எந்த வகை லென்ஸ் நல்லது? எப்போதும் அணிந்திருந்தால் பவர் கூடிவிடும் என்று வீட்டுப் பெரியவர்கள் தயங்குகிறார்கள்.

பதில்: நாளைக்கும் ஆகும் என்று சட்டையைத் தொளதொளவென்று தைத்துக்கொள்ளலாம்; கண்ணாடியை அப்படி வாங்கக் கூடாது. லென்ஸின் மையம் கண் பாவைக்கு நேராக நின்றால்தான் எழுதிக் கொடுத்த பவர் முழுமையாகப் பயன்படும். மைனஸ் 4 போன்ற பவரில் அந்த மையம் சில மில்லிமீட்டர் விலகினாலும் லென்ஸ் பட்டகம்போல் ஒளியை வளைத்துக் கண்ணுக்குச் சோர்வைத் தரும். மேலும், சிறு பிள்ளைகளின் மூக்குத்தண்டு இன்னும் எடுப்பாக வளர்ந்திருக்காது என்பதால் பெரிய பிரேம் வழுக்கி இறங்கும்; குழந்தையும் அதைத் தள்ளிவிட அலுத்துப்போய், விளிம்புக்கு மேலாகவே உலகைப் பார்க்கப் பழகிவிடும். அப்படிப் பார்ப்பது கண்ணாடி அணியாமல் இருப்பதற்குச் சமம்.

ஆகவே கடையில் பிரேமை மாட்டியதும் அழகைப் பார்ப்பதற்கு முன் மூக்கைப் பாருங்கள். பிரேமின் எடை மூக்கின் இருபுறமும் சீராகப் பரவ வேண்டும். கன்னத்தில் இடிக்கக் கூடாது. கண் பாவை ஒவ்வொரு வட்டத்திலும் ஏறக்குறைய நடுவில் தெரிய வேண்டும். குழந்தையைக் குனியச் சொல்லுங்கள், தலையை ஆட்டச் சொல்லுங்கள், அப்போதும் நழுவாமல் இருந்தால் அளவு சரி. கீலில் ஸ்பிரிங் உள்ள பிரேம் எளிதில் உடையாது. நிறத்தை மட்டும் மகளே தேர்ந்தெடுக்கட்டும். தானே விரும்பி எடுத்த கண்ணாடியைப் பிள்ளைகள் எளிதில் கழற்றி வைப்பதில்லை.

லென்ஸைப் பொறுத்தவரை பாலிகார்பனேட் அல்லது டிரைவெக்ஸ் எனும் உறுதியான பிளாஸ்டிக் லென்ஸ் வாங்குங்கள். ஓடி விளையாடும் குழந்தையின் முகத்தில் பந்து பட்டாலும் இவை எளிதில் சிதறுவதில்லை. கண்ணாடியால் ஆன லென்ஸ் குழந்தைகளுக்கு வேண்டவே வேண்டாம். பாலிகார்பனேட்டில் கீறல் எளிதில் விழும் என்பதால் அதன் மேல் கீறல் தடுப்புப் பூச்சு அவசியம். நீல ஒளியைத் தடுக்கும் பூச்சுக்காகக் கூடுதலாகச் செலவிட வேண்டியதில்லை.

பெரியவர்களின் அச்சத்துக்கு வருகிறேன். கண்விழி நீள்வதால்தான் கிட்டப்பார்வையில், அதாவது மைனஸ் பவர் உள்ள கண்ணில், பவர் ஏறுகிறதே தவிர, கண்ணாடி அணிவதால் அன்று. குறைந்த பவரில் கண்ணாடி கொடுத்தாலும் அந்த ஏற்றம் நிற்பதில்லை. மாறாக, 7, 8 வயது வரை மூளையின் பார்வைத் திறன் வளர்ந்துகொண்டே இருப்பதால், அந்தக் காலத்தில் தெளிவான பிம்பம் கிடைக்காத கண் 'சோம்பேறிக் கண்' ஆகிவிடக்கூடும். பிறகு அதைத் திருத்துவது கடினம். எனவே தூங்கும்போதும் குளிக்கும்போதும் தவிர மற்ற நேரமெல்லாம் அவள் கண்ணாடி அணிந்திருக்கட்டும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். கண்ணில் சொட்டு மருந்து விட்டு, கண்பாவை விரிந்த பிறகு அளவெடுத்தார்களா? குழந்தையின் கண் தன்னை அறியாமலே குவியத்தை இறுக்கிக்கொள்வதால், சொட்டு மருந்து இல்லாத பரிசோதனையில் மைனஸ் பவர் உள்ளதைவிட அதிகமாகத் தெரியலாம். அவ்வாறு செய்யவில்லையென்றால், பிரேம் வாங்கும் முன் கண் மருத்துவரிடம் மறுபடி காட்டுங்கள். 6 வயதுக்கு மைனஸ் 4 சற்று அதிகமே என்பதால் விழித்திரையையும் பார்த்துவிடுவது நல்லது. பவர் ஏறும் வேகத்தைத் தணிக்கும் சிறப்பு லென்ஸ்களும், மிகக் குறைந்த செறிவுள்ள அட்ரோபின் சொட்டு மருந்தும் இப்போது உள்ளன. இவற்றில் எது உங்கள் மகளுக்குப் பொருந்தும் என்று அப்போதே கேட்டுக்கொள்ளலாம். நாள்தோறும் 2 மணி நேரமாவது வெளிச்சத்தில், வீட்டுக்கு வெளியே விளையாட விடுங்கள். 6 மாதங்களுக்கு ஒருமுறை பவரையும் பிரேமின் பொருத்தத்தையும் சேர்த்தே பரிசோதியுங்கள்.