பதினெட்டு என்று எழுதும் முன்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நான் செவிலியர் படிப்பில் இரண்டாம் ஆண்டு. வார்டு பயிற்சியில் ஒரு நோயாளியைத் தலை முதல் கால் வரை பரிசோதித்து எழுத எனக்கு முக்கால் மணி நேரம் ஆகிறது. சீனியர் அக்காக்கள் பத்து நிமிடத்தில் முடித்துவிடுகிறார்கள். எதையெல்லாம் விட்டுவிடலாம் என்று கேட்டால் 'போகப் போகப் புரியும்' என்கிறார்கள். மூச்சு எண்ணிக்கை எல்லா ஷீட்டிலும் 18 அல்லது 20 என்றே இருக்கிறது. நானும் அப்படியே எழுதத் தொடங்கிவிட்டேன். அது அவ்வளவு முக்கியமா? வயிற்றுக்கு மட்டும் பரிசோதனை வரிசை மாறுவது ஏன் என்பதும் புரியவில்லை.

ஒரு செவிலியர் மாணவி

அன்புள்ள மாணவிக்கு,

முக்கால் மணி நேரம் ஆவதைப் பற்றிக் கவலை வேண்டாம். கவலைப்பட வேண்டியது அந்த 18ஐப் பற்றித்தான்.

நோயாளியின் நிலை மோசமாகத் தொடங்கும்போது பெரும்பாலும் முதலில் மாறுவது மூச்சின் வேகம். பி.பி. வெகுநேரம் தாக்குப்பிடிக்கும். இதயம் வேகமெடுத்தும் ரத்தக்குழாய்கள் இறுகியும் உடல் அதைத் தாங்கிக்கொண்டிருக்கும். ஆனால் ரத்தத்தில் அமிலம் கூடினாலோ ஆக்சிஜன் குறைந்தாலோ மூச்சு உடனே வேகமாகிவிடும். ஆக்சிமீட்டர் 97 என்று காட்டும்போதே அவர் நிமிடத்துக்கு 26 முறை மூச்சு வாங்கிக்கொண்டிருக்கலாம். அந்த 97 நிற்பதே அந்தப் பாடுபடலால்தான். பிரிட்டனில் பயன்படும் 'நியூஸ் 2' எச்சரிக்கை மதிப்பெண் முறையில் மூச்சு 12 முதல் 20 வரை இருந்தால் பூஜ்யம், 25ஐத் தொட்டால் அது ஒன்றுக்கே 3 (மதிப்பெண் கூடினால் ஆபத்தும் கூடுதல்). அப்படி 25ஐத் தொட்டவருக்கு நீங்கள் எண்ணாமல் 18 என்று எழுதினால், அடித்திருக்க வேண்டிய மணியை உங்கள் கையாலேயே அணைத்ததாக ஆகும்.

எண்ணும் முறை எளிதுதான். மணிக்கட்டில் நாடி பார்த்து முடித்ததும் விரலை எடுக்காதீர்கள். 'மூச்சை எண்ணப்போகிறேன்' என்று சொல்லவும் வேண்டாம், சொன்னால் மூச்சின் போக்கு மாறிவிடும். நாடி பார்ப்பதுபோலவே பிடித்துக்கொண்டு மார்பு எழுந்து தாழ்வதைப் பாருங்கள். போர்வைக்குள் தெரியவில்லை என்றால் அவருடைய கையை மடக்கி அவர் வயிற்றின் மேல் வைத்தால் கையும் சேர்ந்து ஏறி இறங்கும். முழு 60 விநாடி எண்ண வேண்டும். 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்கினால், ஒரு மூச்சு தவறியதும் கணக்கில் நான்கு தவறிவிடும். அந்த ஒரு நிமிடத்தில் எண்ணிக்கையோடு வேறு சிலவும் தெரியும்: கழுத்துத் தசை இழுக்கிறதா, மார்பின் இரு பக்கமும் ஒன்றுபோல் விரிகிறதா, நடுவில் மூச்சு நின்று நின்று வருகிறதா.

இனி நேரம். முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்ளுங்கள். வார்டில் சேர்ந்தவுடன் செய்யும் முழுப் பரிசோதனை வேறு, ஒவ்வொரு டியூட்டியிலும் செய்யும் சுருக்கமான பரிசோதனை வேறு. முதலாவதற்கு மாணவிக்கு முக்கால் மணி நேரம் ஆவது இயல்பு. இரண்டாவதில் பத்து நிமிடம் போதும், ஆனால் அது எதையும் விடுவதால் வரும் வேகம் அல்ல, சேர்த்துச் செய்வதால் வருவது. பெயரையும் இன்று என்ன நாள் என்பதையும் கேட்கும்போதே நினைவு, பேச்சுத் தெளிவு, முகம் ஒரு பக்கம் கோணுகிறதா, ஒரு வாக்கியத்தை மூச்சு வாங்காமல் முடிக்கிறாரா என்று நான்கும் தெரிந்துவிடும். கையைப் பிடித்தால் சூடு, வியர்வை, நாடி. நகத்தை 5 விநாடி அழுத்திவிட்டால் இரண்டு மூன்று விநாடிக்குள் நிறம் திரும்ப வேண்டும் (கை குளிர்ந்திருந்தால் தாமதமாகும், அதை மட்டும் வைத்து முடிவுக்கு வராதீர்கள்). முதுகில் நுரையீரல் சத்தம் கேட்க அவரைத் திருப்பும் அதே நேரத்தில் வால் எலும்புப் பகுதியின் தோலையும் பார்த்துவிடுங்கள், படுக்கைப் புண் பெரும்பாலும் தொடங்கும் இடங்களில் அது ஒன்று. படுத்தே இருப்பவருக்கு வீக்கமும் காலைவிட அங்கே முதலில் தெரியலாம். ஆக்சிஜன் குழாய் போட்டிருந்தால் காதுக்குப் பின்னாலும் ஒரு பார்வை. ஸ்டெதஸ்கோப்பைச் சட்டைக்கு மேல் வைக்காதீர்கள். துணி உரசும் சத்தம் நுரையீரலின் பொரியும் சத்தம்போலவே கேட்கும்.

பி.பி.யில்தான் பிழை அதிகம். கையில் சுற்றும் பட்டை (கஃப்) சிறியதாக இருந்தால் அளவு கூடுதலாகக் காட்டும். உள்ளிருக்கும் ரப்பர் பை கைச்சுற்றளவில் 80 சதவீதத்தை வளைக்க வேண்டும். கை இதய மட்டத்துக்குக் கீழே தொங்கினாலும், அளக்கும்போது நோயாளி பேசினாலும் கூடும். 5 நிமிடம் ஓய்வாக, முதுகு சாய்ந்து, காலை மடித்துப் போடாமல் இருக்கச் சொல்லுங்கள். மெஷின் இல்லாமல் கையால் அளக்கும்போது கஃப்பில் காற்றை ஏற்றி, முதலில் மணிக்கட்டு நாடி மறையும் அளவைக் குறித்துக்கொண்டு, அதற்கு மேல் 30 ஏற்றி, விநாடிக்கு 2, 3 வீதம் இறக்குங்கள். நாடி பார்க்காமல் குத்துமதிப்பாக ஏற்றினால், சிலருக்கு நடுவில் ஸ்டெதஸ்கோப்பில் கேட்கும் சத்தம் மறைந்து மீண்டும் வரும் இடைவெளியில் மாட்டிக்கொண்டு மேல் அளவைக் குறைவாக எழுதிவிடுவீர்கள். தலைசுற்றல் என்கிறவருக்குப் படுத்து ஒன்று, எழுந்து நின்று 1 நிமிடத்திலும் 3 நிமிடத்திலும் ஒன்று. மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 இறங்கினால் அவர் தனியாகக் கழிப்பறைக்கு நடக்கக் கூடாது.

வயிறு. மற்ற இடங்களில் பார்த்து, தொட்டு, தட்டி, பிறகு ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்கிறோம். வயிற்றில் பார்த்ததும் கேட்டுவிட வேண்டும், தட்டுவதும் தொடுவதும் பிறகு. காரணம், அழுத்தினால் குடலின் அசைவு மாறி, கேட்கும் சத்தமும் மாறலாம். வலி இருக்கும் இடத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டு அதைக் கடைசியாகத் தொடுங்கள். முதலில் அங்கே கை வைத்தால் வயிறு முழுக்க விறைத்துக்கொள்ளும், பிறகு எதுவும் தெரியாது. தொடும்போது உங்கள் கண் வயிற்றில் வேண்டாம், அவர் முகத்தில் இருக்கட்டும். குடல் சத்தம் 'இல்லை' என்று எழுத 5 நிமிடம் கேட்டிருக்க வேண்டும்.

ஒவ்வாமை பற்றிக் கேட்கும்போது மருந்தின் பெயரோடு 'சாப்பிட்டதும் என்ன ஆனது?' என்றும் கேளுங்கள். வயிற்றைப் புரட்டியது வேறு, முகம் வீங்கி மூச்சு அடைத்தது வேறு.

ஷீட்டில் 'நார்மல்' என்ற சொல்லைக் குறைத்து, கண்டதை எழுதுங்கள்: 'மூச்சு 22, சீராக, இரு பக்கமும் காற்று சமமாகப் போகிறது.' அளவு விநோதமாகத் தெரிந்தால் உடனே மறுபடி எண்ணுங்கள், அப்படியே இருந்தால் பொறுப்பிலிருக்கும் சிஸ்டரிடம் அப்போதே சொல்லுங்கள், ரவுண்ட்ஸ் வரட்டும் என்று வைத்திருக்காதீர்கள். எண்ண நேரமே கிடைக்காத நாளும் வரும். அன்று அந்தக் கட்டத்தில் 18 வேண்டாம், 'எண்ணவில்லை' என்று எழுதி அடுத்த டியூட்டிக்காரரிடம் வாயாலும் சொல்லிவிட்டுப் போங்கள்.