மருத்துவர் பதில்: என்ஐசியு குழந்தையைப் பார்க்க தினமும் போக வேண்டுமா?

கேள்வி: என் மனைவிக்கு பிரஷர் ஏறியதால் 30 வாரத்திலேயே சிசேரியன் செய்து குழந்தையை எடுத்தார்கள். பெண் குழந்தை, 1,250 கிராம். ஒன்பது நாளாக என்ஐசியுவில் (பச்சிளம் குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவு) இருக்கிறாள். எடை 1,140க்கு இறங்கி, இப்போது 1,170. நான், மனைவி, அம்மா மூவரும் தாம்பரத்திலிருந்து தினமும் எழும்பூருக்கு ரயிலில் போய், இரவுதான் திரும்புகிறோம். மனைவி நாளுக்கு ஐந்து தடவை பால் எடுக்கிறாள். தடவைக்கு 20 மில்லிதான் வருகிறது. நர்ஸ் குழந்தையை நெஞ்சில் போட்டுக்கொள்ளச் சொல்கிறார். தொட்டால் கிருமி தொற்றும் என்கிறார் அம்மா. இப்படி தினமும் போவதால் பயன் உண்டா?

பதில்: உண்டு. ஆனால் மூன்று பேரும் நாள் முழுக்க வராந்தா நாற்காலியில் உட்கார்ந்திருக்கத் தேவையில்லை. அங்கே உங்கள் மனைவிக்கு இரண்டு பெரிய வேலைகள் இருக்கின்றன. நீங்களும் அம்மாவும் அதற்குத் தோதாக நாளை அமைத்துக்கொள்ளுங்கள்.

முதல் வேலை பால். '20 மில்லிதான்' என்று எழுதியிருக்கிறீர்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். முழு அளவு பால் குடிக்கும் நிலைக்கு வரும்போது இந்த எடைக் குழந்தைக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 190 மில்லி போதும். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை டியூப் வழியாகக் கொடுத்தால் தடவைக்கு 16 மில்லி. ஐந்து தடவை எடுத்தால் 100 மில்லி, எட்டுத் தடவை எடுத்தால் இப்போதே 160. அடிக்கடி எடுக்க எடுக்கத்தான் சுரப்பும் கூடும். இரவில் ஒரு தடவையாவது எழுந்து எடுக்க வேண்டும். வீட்டில் எடுத்த பாலை உடனே ஃப்ரிட்ஜில் வையுங்கள், கதவுத் தட்டில் வேண்டாம், உள்ளே தள்ளி வையுங்கள். காலையில் ஐஸ் பேக் போட்ட டப்பாவில் கொண்டுபோங்கள். பாட்டிலில் தேதி, நேரம், குழந்தையின் வார்டு எண் இருக்கட்டும். அப்படியும் போதவில்லை என்றால் தாய்ப்பால் வங்கி பற்றி டாக்டரிடம் கேளுங்கள். எழும்பூர் அரசு குழந்தைகள் மருத்துவமனையில் ஒன்று இருக்கிறது.

அம்மாவிடம் ஒரு வார்த்தை. பச்சை உடம்பு என்று மருமகளுக்குத் தண்ணீரைக் குறைக்காதீர்கள். பத்தியம் என்ற பேரில் பருப்பு, முட்டை, மீன், கீரையை நிறுத்தவும் வேண்டாம். தாகத்துக்குத் தண்ணீர், வேளைக்குச் சாப்பாடு, கொஞ்சம் தூக்கம். மருமகள் பகலில் ஒரு மணி நேரம் படுக்க நீங்கள் வழி செய்தால் அதுவே பெரிய உதவி. குழந்தைக்குச் சேனை வைப்பது, உரை மருந்து, கழுதைப்பால் எதுவும் கூடாது. பேத்தியின் குடல் இன்னும் முதிரவில்லை. புண்ணியாஜனமும் பெயர் வைப்பதும் அவள் வீட்டுக்கு வந்த பிறகு நடக்கட்டும்.

இரண்டாவது வேலை, அந்த நர்ஸ் சொன்னது. குழந்தைக்குத் தொப்பியும் டயப்பரும் மட்டும் போட்டு, தாயின் வெற்று மார்பில் நிமிர்த்திப் படுக்கவைத்து, தலையை ஒரு பக்கம் திருப்பி, துணியால் சேர்த்துக் கட்டுவார்கள். கங்காரு பராமரிப்பு என்பது இதுதான். 1970களின் கடைசியில் கொலம்பியா நாட்டு மருத்துவமனை ஒன்றில் இன்குபேட்டர் போதாமல் தொடங்கியது. இன்று உலக சுகாதார நிறுவனமே நாளுக்கு 8 மணி நேரத்துக்குக் குறையாமல் செய்யச் சொல்கிறது. குழந்தையின் உடம்புச் சூடு குறையாமல் நிற்கும், பால் சுரப்பு கூடும். அம்மா பயப்படுவதற்கு நேர்மாறாக, தொற்று குறையும். ஒரு தடவை கட்டினால் ஒரு மணி நேரமாவது இருக்கட்டும். மனைவி சாப்பிடப் போகும்போது நீங்கள் சட்டையைக் கழற்றிவிட்டு உட்காருங்கள், அப்பாக்களும் செய்யலாம்.

அம்மாவின் பயத்திலும் நியாயம் இருக்கிறது. கிருமி பெரும்பாலும் கை வழியாகத்தான் போகிறது. மோதிரம், வளையல், வாட்ச் எல்லாவற்றையும் கழற்றி, முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கழுவிய கையால் செல்போனை எடுத்தால் மறுபடி கழுவ வேண்டும். சளி, காய்ச்சல் இருப்பவர் அன்று உள்ளே போகக் கூடாது, தாத்தாவாகவே இருந்தாலும் சரி.

எடை இறங்கியது வழக்கமானதுதான். பிறந்த எடையைத் திரும்பத் தொட இரண்டு வாரம் வரை ஆகலாம். மானிட்டர் அடித்தால் திரையைப் பார்ப்பதற்கு முன் குழந்தையின் முகத்தைப் பாருங்கள். பாதத்தில் சுற்றிய சிவப்பு விளக்கு சென்சார் அவள் உதைத்ததில் நழுவியிருக்கும். பல தடவை அவ்வளவுதான். நிறம் மாறினாலோ மூச்சு நின்றது போல் தெரிந்தாலோ நர்ஸை அழையுங்கள். குறைமாதக் குழந்தைகள் சில நொடி மூச்சு விட மறப்பதுண்டு. உள்ளங்காலைத் தேய்த்தால் பெரும்பாலும் மறுபடி விடுவார்கள்.

நீங்கள் மூவரும் மறந்த ஒரு நோயாளி இருக்கிறார்: உங்கள் மனைவி. வயிற்றில் தையலோடு ஆபீஸ் நேர ரயிலில் நின்றுகொண்டு வருவது வேண்டாம். தாய்மார் தங்க அறை உண்டா என்று மருத்துவமனையில் கேளுங்கள், இல்லையென்றால் கூட்டம் குறைந்த நேரத்தில் கிளம்புங்கள். பிரஷர் பிரசவத்தோடு போய்விடாது, சொன்ன தேதியில் பரிசோதிக்க வேண்டும். கடும் தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி, மூச்சுத் திணறல், காய்ச்சல், தையலில் சீழ், இவற்றில் எது வந்தாலும் அன்றே டாக்டர். முதல் இரண்டு வாரம் அழுகை வருவது சகஜம். அதற்குப் பிறகும் நீடித்தாலோ, வாழவே பிடிக்கவில்லை என்று எப்போது சொன்னாலோ தள்ளிப்போடாதீர்கள். மனநல ஆலோசனைக்கு 14416 என்ற இலவச எண் எந்நேரமும் உண்டு.

கடைசியாக, குழந்தைக்கு நான்கு வாரம் ஆகும்போது விழித்திரைப் பரிசோதனை கட்டாயம் வேண்டும். அதற்குள் டிஸ்சார்ஜ் ஆகிவிட்டால் பலரும் விட்டுவிடுகிறார்கள். தேதியை இப்போதே கேட்டு எழுதி வையுங்கள்.