எட்டு மணி அழைப்பு

கேள்வி: அம்மா இறந்து பதினோரு மாதங்கள் ஆகின்றன. ஒரு பகலைக் கழிப்பதே பெரும்பாடாக இருக்கிறது; மாதங்களோ எப்படிப் போயின என்று தெரியவில்லை. துக்கத்தால் கால உணர்வு குலைகிறதா, அது குலைந்ததால்தான் துக்கம் தீரவில்லையா என்றறிய, அனுபவம் நமக்கு எப்படித் தோன்றுகிறது என்று ஆராயும் நிகழ்வியல் என்ற தத்துவத்தின் நூல்களைப் படித்துவருகிறேன். இரவு எட்டு மணிக்கு அம்மா அழைப்பது வழக்கம். இன்றும் அந்நேரத்தில் கை தானாகத் தொலைபேசியைத் தேடுகிறது. இப்போது அப்பா அழைக்கிறார். மனம் ஆறியபின் பேசலாம் என்று எடுப்பதில்லை. காலம், உணர்ச்சி: எது முந்தியது?

பதில்: நூல் சார்ந்த கேள்விக்குச் சுருக்கமாகவே பதில் சொல்கிறேன்; உங்கள் கடிதத்தின் பாரம் அதில் இல்லை. 1905இல் ஜெர்மனியின் கோட்டிங்கனில் ஆற்றிய உரைகளில், நிகழ்வியலைத் தொடங்கிவைத்த தத்துவஞானி எட்மண்ட் ஹுஸ்ஸெர்ல் காட்டிய எடுத்துக்காட்டு, ஒரு மெட்டு. ஒரு சுரத்தைக் கேட்கையில் சற்றுமுன் ஒலித்தது இன்னும் நம் பிடியில் இருக்கிறது, அடுத்து வரவேண்டியதை நோக்கி மனம் ஏற்கெனவே சாய்ந்திருக்கிறது. இவ்விரண்டும் இல்லையேல் உதிரி ஓசைகளே மிஞ்சும். அந்தச் சாய்வு நாம் யோசித்துச் செய்வதன்று. இருட்டில் படியிறங்குகிறவன், இல்லாத கடைசிப் படியில் கால்வைத்துத் திடுக்கிடுகிறான். ஒரு படியை எதிர்பார்த்திருந்தான் என்பதே அந்தத் திடுக்கிடலில்தான் அவனுக்குத் தெரியவருகிறது. எட்டு மணிக்கு உங்கள் கை தேடுவதும் அந்தப் படியைத்தான். எது முந்தியது என்று பிரிக்க அங்கே இரண்டு பொருள்கள் இல்லை.

இனி, நீங்கள் ஒரே வரியில் கடந்துபோன செய்திக்கு வருகிறேன். அப்பா அழைக்கிறார், நீங்கள் எடுப்பதில்லை. கையில் தொலைபேசியுடன், அவர் பெயர் திரையில் ஒளிர்ந்து அணையும்வரை பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். பிறகு காலம் ஏன் நகரவில்லை என்று புத்தகத்தில் தேடுகிறீர்கள். யூஜின் மின்கோவ்ஸ்கி என்ற மனநல மருத்துவர் 1922இல் ஒரு நோயாளியுடன் இரண்டு மாதம் இரவும் பகலும் தங்கியிருந்தார். அன்றிரவே தனக்கு மரண தண்டனை நிறைவேறும் என்று அம்மனிதர் நாள்தோறும் நம்பினார்; நேற்று ஒன்றும் நடக்கவில்லை என்பது அவருக்கு இன்றைய ஆறுதலாகவில்லை. எதிர்காலம் அடைபட்ட இடத்தில் நாள்கள் ஒன்றன்மேல் ஒன்று சேர்வதில்லை என்று மின்கோவ்ஸ்கி கண்டார். உங்களை நோயாளி என்று நான் சொல்லவில்லை. அவருக்கு அடைத்தது நோய். உங்கள் எட்டு மணியை நீங்களே அடைத்துவைத்திருக்கிறீர்கள்.

‘மனம் ஆறியபின்’ என்கிறீர்கள். இறக்கி வைத்தால் தானே ஆறிவிட, மனம் என்ன உலைநீரா? அந்த நேரத்தில் வேறொரு குரல் வந்து பழகினால்தான் கை வேறொன்றை எதிர்பார்க்கக் கற்கும். அதைவிட, எனக்குக் கோபமூட்டுவது இன்னொன்று: கடிதம் முழுக்க இறந்தவர் உங்கள் அம்மாவாக மட்டுமே இருக்கிறார். அவர் அந்த மனிதரின் மனைவியும்கூட. பல ஆண்டுகள் பக்கத்து அறையிலிருந்து கேட்ட அந்த எட்டு மணிப் பேச்சு நின்றுபோனதால்தான், அதே நேரத்தில் அவர் உங்களை அழைக்கிறார் என்பது உங்களுக்கு உறைக்கவே இல்லையா? பெற்றவருக்குச் செய்யவேண்டியதை மனநிலை பார்த்துச் செய்வது கடமையாகாது என்பது என் உறுதியான எண்ணம். பழைய காலத்து ஆள் என்று நீங்கள் சொல்லிக்கொள்ளலாம்.

இன்றிரவு எடுங்கள். குரல் உடைந்தால் உடையட்டும், பேச ஒன்றும் தோன்றாவிட்டால் இருவரும் மௌனமாகவே இருங்கள். படிக்காமல் மிச்சமிருக்கும் பக்கங்களை ஒன்பது மணிக்குமேல் பார்த்துக்கொள்ளலாம்.