டுட்டோரியலில் வாய் வரவில்லை: கூச்சம் பற்றிக் கேட்டவர்களுக்குப் பதில்கள்

கோலாலம்பூரில் பல்கலைக்கழக மாணவர்களுக்கு மனநல ஆலோசகராக வேலை செய்கிறேன். கூச்சத்தைப் பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

அக்கா, நான் மலாயாப் பல்கலைக்கழகத்தில் முதலாண்டு. தமிழ்ப்பள்ளியில் பேச்சுப் போட்டிக்கெல்லாம் போனவள். இங்கே டுட்டோரியலில் வாயே வரமாட்டேன் என்கிறது. என் சுபாவமே மாறிவிட்டதா?

இல்லை தங்கச்சி. மேடை ஏறிப் பேசியவளின் சுபாவம் ஒரு செமஸ்டரில் மாறிவிடாது. மாறியது மொழியும் கூட்டமும்தான். ஆறு வருடம் தமிழில் படித்தாய், இடைநிலைப்பள்ளியில் மலாய், இப்போது பாடம் ஆங்கிலத்தில். கேள்வி ஒரு மொழியில் தோன்றுகிறது. அதை இன்னொரு மொழியில் கோர்த்து, இலக்கணம் சரியா என்று பார்த்து, கை தூக்கப் போகும்போது விரிவுரையாளர் அடுத்த ஸ்லைடுக்குப் போய்விடுகிறார். இப்படி நாலு வகுப்பு போனால் போதும், 'நான் கூச்ச சுபாவம்' என்று பிள்ளைகள் தாங்களே முடிவு கட்டிவிடுகிறார்கள். என்னிடம் வருபவர்களில் நிறையப் பேர் இந்த ரகம்தான். நல்ல மூளையுள்ள பிள்ளைகள் பின்வரிசையில் ஒதுங்கிப் போவதைப் பார்க்க எனக்கு மனசு கேட்பதில்லை.

முந்தின இரவே ஒரே ஒரு கேள்வியை எழுதி வை. வாய்விட்டு இரண்டு தடவை சொல்லிப் பார். வகுப்பு தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே கேட்டுவிடு, தள்ளிப்போடப் போட பயம்தான் கூடும். ஆங்கிலத்தில் தடுமாறினால் நடுவில் மலாய் கலந்து பேசு. யாரும் உன்னைத் தின்றுவிட மாட்டார்கள்.

எனக்கு மட்டும்தான் இப்படியா?

இல்லவே இல்லை. 1970களில் அமெரிக்காவின் ஸ்டான்ஃபர்டு பல்கலைக்கழகத்தில் உளவியலாளர் பிலிப் சிம்பார்டோ நடத்திய ஆய்வில் ஏறக்குறைய 40 விழுக்காட்டினர் தங்களைக் கூச்சமுள்ளவர்கள் என்றே சொன்னார்கள்.

பட்டர்வொர்த்திலிருந்து ஒரு தாய் எழுதுகிறேன். மகன் யாரிடமும் பேசமாட்டான், அவன் அப்பாவும் அப்படித்தான். இது பிறவிக் குணமா?

ஓரளவுக்கு, அம்மா. ஹார்வர்டில் உளவியலாளர் ஜெரோம் கேகன் நான்கு மாதக் குழந்தைகளுக்குப் புதிய சத்தம், புதிய பொம்மைகளைக் காட்டிப் பார்த்தார். ஐந்தில் ஒரு குழந்தை கைகால் உதறி அழுதது. அவர்களில் பலர் வளர்ந்தபோது புதியவர்களைக் கண்டு தயங்கினார்கள், ஆனால் எல்லாரும் இல்லை. மிச்சம் வீட்டிலும் பள்ளியிலும் சேர்வது. விருந்தாளி வந்ததும் "இவன் பேசமாட்டான், ரொம்பக் கூச்சம்" என்று அவன் முன்னாலேயே சொல்கிறோம் இல்லையா, அதை இன்றோடு நிறுத்துங்கள். அவனிடம் கேட்ட கேள்விக்கு நீங்கள் பதில் சொல்லாதீர்கள். அவன் சொல்ல நேரமானாலும் காத்திருங்கள்.

பிரசன்டேஷனில் குரல் நடுங்குகிறது. எல்லாரும் என்னையே உற்றுப் பார்ப்பதுபோல் இருக்கிறது.

நீ நினைக்கும் அளவுக்குப் பார்ப்பதில்லை. 2000-ஆம் ஆண்டில் வெளியான அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழக ஆய்வு ஒன்றில், ஒரு பாடகரின் படம் போட்ட, போடவே வெட்கப்படும்படியான டி-ஷர்ட்டை மாணவர்களுக்கு மாட்டி, மற்றவர்கள் இருக்கும் அறைக்குள் அனுப்பினார்கள். பாதிப் பேராவது கவனித்திருப்பார்கள் என்று போட்டவர்கள் நினைத்தார்கள். கவனித்தது கால்வாசிப் பேர்தான். நடுக்கமும் அப்படித்தான், உள்ளே தெரியும் அளவு வெளியே தெரிவதில்லை. பின்னால் வந்த இன்னொரு ஆய்வில், இந்த உண்மையை முன்கூட்டியே எடுத்துச் சொன்னதும் மாணவர்கள் இன்னும் நன்றாகவே பேசினார்கள். 'எப்படித் தெரிகிறேன்' என்ற நினைப்பு வரும்போதெல்லாம் கவனத்தைச் சொல்லவந்த விஷயத்துக்குத் திருப்பு.

பினாங்கில், அறிவியல் பல்கலைக்கழகத்தின் (USM) மிண்டன் வளாகத்தில் படிக்கிறேன். பிரசன்டேஷன் இருக்கும் பாடங்களை எடுப்பதே இல்லை. முந்தின நாள் வாந்தி வருகிறது. கேன்டீனில் தனியாகச் சாப்பிடக்கூடப் பயம்.

தம்பி, இதை வெறும் கூச்சம் என்று விட்டுவிடாதே. பயம் படிப்பையும் சாப்பாட்டையும் தடுக்கும் அளவுக்கு வந்தால் அது சமூகப் பதற்றக் கோளாறாக இருக்கலாம். அதற்கு நல்ல சிகிச்சை இருக்கிறது. அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையில் நீ தவிர்ப்பதையெல்லாம் சின்னதிலிருந்து பெரியதாகப் படிப்படியாகச் செய்து பழகுவாய். தவிர்க்கும்போது அப்போதைக்கு நிம்மதியாக இருக்கும், ஆனால் அடுத்த தடவை பயம் இன்னும் பெரிதாக வந்து நிற்கும். பல்கலைக்கழக ஆலோசனைப் பிரிவுக்கு இந்த வாரமே போ. நேரில் பேசத் தயக்கம் என்றால் மின்னஞ்சலில் நேரம் கேள், இங்கே எழுதியதை அப்படியே அதில் எழுது. இரவில் மனசு தாங்கவில்லை என்றால் மனக்கஷ்டத்தில் இருப்பவர்கள் பேசுவதைக் கேட்கும் பிஃப்ரெண்டர்ஸ் (Befrienders) தொலைபேசி உதவிச் சேவைக்குப் போன் போடு.

என் ரூம்மேட் யாரோடும் பேசுவதில்லை. நான் என்ன செய்யலாம்?

நாலு பேர் முன்னால் "ஏன் பேசமாட்டேங்கிறே?" என்று மட்டும் கேட்டுவிடாதே. தனியாகச் சாப்பிடக் கூப்பிடு. குழு வேலையில் அவருக்கு நன்றாகத் தெரிந்த ஒரு பகுதியைக் கொடுத்து, முந்தின நாள் அறையிலேயே உன் முன்னால் ஒரு தடவை பேசிப் பார்க்கச் சொல்.