அட்டை கேட்டால் என்ன தப்பு?

அன்புள்ள ஐயா,

நான் வருவாய்த்துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மகள் ஹூஸ்டனில் இருக்கிறாள். அவள் வீட்டில் ஆறு மாதம் இருந்துவிட்டுப் போன வாரம்தான் ஊர் திரும்பினேன். அங்கே டிவியைப் போட்டாலே ஓட்டுச் சட்டச் சண்டைதான். ஓட்டுப் போட வருகிறவர் அடையாள அட்டை காட்ட வேண்டும், தபால் ஓட்டு உறையில் எண் எழுத வேண்டும் என்று சில மாநிலங்கள் சட்டம் போட்டிருக்கின்றன. உடனே கறுப்பர்களின் ஓட்டைப் பறிக்கிறார்கள் என்று ஒரு தரப்பு கத்துகிறது.

எனக்கு இது புரியவே இல்லை. ஏழெட்டுத் தேர்தல்களில் பூத்தில் உட்கார்ந்திருக்கிறேன். அட்டையைப் பார்க்காமல் யார் விரலிலும் மை வைத்ததில்லை. நம்மூரில் எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிகூட முந்தானையில் முடிந்து கொண்டுவருகிறாள். அங்கே கேட்டால் மட்டும் அது இனவெறியா? என் மகள் குடியுரிமை வாங்கிப் போட்ட முதல் ஓட்டை லைசென்ஸைக் காட்டி இரண்டே நிமிடத்தில் போட்டுவிட்டு வந்தாளாம். அவளிடம் கேட்டால், "அப்பா, இது உங்களுக்குப் புரியாது" என்கிறாள். நீங்களாவது விளக்குங்கள்.

கு., விருதுநகர்

*

அன்புள்ள கு.,

உங்களுக்குப் புரியாது என்று நான் சொல்ல மாட்டேன். பூத்தில் உட்கார்ந்தவருக்குத்தான் இது சட்டென்று புரியும். அட்டை கேட்பது சரிதான் என்று கருத்துக்கணிப்புகளில் அமெரிக்கர்களிலேயே பத்துக்கு எட்டுப் பேர் சொல்கிறார்கள். அவர்களில் கறுப்பினத்தவரும் உண்டு. அதனால் உங்கள் கேள்வி ஒன்றும் அசட்டுக் கேள்வி இல்லை.

அந்தப் பாட்டியிடமிருந்தே தொடங்குகிறேன். அவள் முந்தானைக்கு அந்த அட்டை எப்படி வந்தது? பெயர் சேர்க்கும் அலுவலர் தெருவுக்கே வந்தார். படம் எடுத்தார்கள், அட்டையைக் காசு வாங்காமல் கொடுத்தார்கள். அது தொலைந்துபோனாலும் ஆதார், நூறுநாள் வேலை அட்டை, படம் ஒட்டிய வங்கிப் பாஸ்புக் என்று பன்னிரண்டு மாற்று ஆவணங்களில் ஒன்று போதும். பூத் இரண்டு கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்பது தேர்தல் ஆணையத்தின் கணக்கு. அன்றைக்குச் சம்பளத்தோடு விடுமுறை வேறு. (2025 இறுதியில் நம் மாநிலத்தில் வாக்காளர் பட்டியலின் தீவிரத் திருத்தம் நடந்தபோது, பழைய பட்டியலில் அப்பா பெயரைத் தேடி அலைந்தவர்கள் இதைப் படித்துவிட்டு முறைப்பார்கள். அது தனிக் கதை, இன்னொரு நாள் பேசலாம்.)

அமெரிக்காவில் இதில் பெரும்பாலானவை கிடையாது. நாடு முழுவதற்குமான அடையாள அட்டை இல்லை. பல மாநிலங்களில் வாக்காளராகப் பதிந்துகொள்வது அவரவர் வேலை. வீடு மாறினால் அதையும் தெரிவிக்க வேண்டும். தேர்தல் நவம்பரின் முதல் திங்களுக்கு அடுத்த செவ்வாய். குடியானவர்கள் வண்டி கட்டிக்கொண்டு ஊருக்கு வந்த காலத்தில், 1845இல், வைத்த நாள். பல மாநிலங்களில் அன்று விடுமுறையும் இல்லை. அட்டை என்றால் நடைமுறையில் டிரைவிங் லைசென்ஸ்தான். கார் இல்லாத நகரத்து ஏழை, ஓட்டுவதை நிறுத்திவிட்ட கிழவர், விடுதியில் தங்கிப் படிக்கும் பையன் இவர்களிடம் அது இருக்காது. அட்டையை இலவசமாகத் தருகிறோம் என்று மாநிலங்கள் சொல்கின்றன, உண்மைதான். ஆனால் அதை வாங்கப் பிறப்புச் சான்றிதழ் வேண்டும், சான்றிதழுக்குப் பணம் கட்ட வேண்டும். உங்கள் மகளின் ஹூஸ்டன் இருக்கும் டெக்சாஸ் மாநிலத்தில் 254 கவுண்டிகள் (நம் மாவட்டம் மாதிரி), பலவற்றில் லைசென்ஸ் அலுவலகமே கிடையாது. கார் இல்லாதவர் கார் ஓட்டும் லைசென்ஸ் தரும் அலுவலகத்துக்கு எதில் போவார்?

இந்தியானா மாநிலத்தின் அட்டைச் சட்டம் செல்லும் என்று 2008 ஏப்ரல் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அந்த மாநிலத்தில் ஒருவர் இன்னொருவர் பெயரில் பூத்துக்கு வந்து ஓட்டுப் போட்டதாக ஒரு சம்பவம்கூட வழக்கின் ஆவணங்களில் இல்லை என்று தீர்ப்பே ஒப்புக்கொண்டது. அப்புறம் எட்டே நாளில் அங்கே முதல்கட்டத் தேர்தல், அதாவது கட்சிகளின் வேட்பாளரை வாக்காளர்களே தேர்ந்தெடுக்கும் தேர்தல். சவுத் பெண்ட் நகரத்துக்குப் பக்கத்தில் ஒரு கன்னியர் மடம், மடத்துக்குள்ளேயே பூத். அங்கே ஓட்டுப் போட வந்த வயதான கன்னியாஸ்திரீகள் சுமார் பன்னிரண்டு பேர் திருப்பி அனுப்பப்பட்டார்கள். சிலருக்குத் தொண்ணூறு வயதுக்கு மேல். அவர்களைத் திருப்பி அனுப்பிய தேர்தல் பணியாளரும் அதே மடத்துச் சகோதரிதான். தினமும் கூடவே உட்கார்ந்து சாப்பிடுகிறவர்களை அவருக்குத் தெரியாதா? நீங்கள் அந்த நாற்காலியில் இருந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று யோசித்துப் பார்த்தேன். பூத் ஏஜென்ட்டுகளைப் பார்த்து, "இவரைத் தெரியுமா, ஆட்சேபணை உண்டா?" என்று கேட்டிருப்பீர்களோ?

சரி, இதில் இனவெறி எங்கே வந்தது? கறுப்பினத்தவர் ஓட்டுப் போடக் கூடாது என்று 1870க்குப் பிறகு அங்கே எந்தச் சட்டத்திலும் எழுத முடியாது. அரசியலமைப்பின் பதினைந்தாம் திருத்தம் அதைத் தடுத்துவிட்டது. அதனால் அமெரிக்காவின் தென்மாநிலங்கள் எல்லோருக்கும் பொதுவான விதிகளாகப் பார்த்து எழுதின. எழுத்தறிவுத் தேர்வு, ஓட்டு வரி, நன்னடத்தைச் சான்று. தேர்வில் தேறினாரா இல்லையா என்று முடிவு செய்கிறவர் வெள்ளைக்காரக் குமாஸ்தா. மிசிசிப்பி மாநிலத்தில் 1965க்கு முன் வாக்காளராகப் பதிந்திருந்த கறுப்பினத்தவர் நூற்றுக்கு 7 பேர்கூட இல்லை. அந்த ஆண்டு அலபாமா மாநிலத்துச் செல்மா நகரப் பாலத்தில் ஓட்டுரிமை கேட்டு ஊர்வலம் போனவர்களின் மண்டை போலீஸ் தடியால் உடைந்தது, ஆகஸ்டில் வாக்குரிமைச் சட்டம் வந்தது. 1967க்குள் அந்த 7 கிட்டத்தட்ட 60 ஆகிவிட்டது. மக்கள் மாறவில்லை, விதி மாறியது, அவ்வளவுதான்.

பழைய பாவம் செய்த மாநிலங்கள் தேர்தல் விதியில் எதை மாற்றினாலும் மத்திய அரசிடம் முன் அனுமதி வாங்க வேண்டும் என்பதுதான் அந்தச் சட்டத்தின் பல். எந்தெந்த மாநிலங்கள் வாங்க வேண்டும் என்ற பட்டியல் பழையதாகிவிட்டது என்று 2013 ஜூனில் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் அந்தப் பல்லைப் பிடுங்கியது. நனையவில்லை என்பதற்காக மழைக்கு நடுவில் குடையை வீசுவதுபோல இருக்கிறது என்று நீதிபதி கின்ஸ்பர்க் மாறுபட்டு எழுதினார். தீர்ப்பு வந்த அன்றே டெக்சாஸ் தன் அட்டைச் சட்டத்தை அமலாக்குவதாக அறிவித்தது. அந்தச் சட்டப்படி கைத்துப்பாக்கி உரிமம் செல்லும், அரசுப் பல்கலைக்கழகத்தின் மாணவர் அட்டை செல்லாது. வடக்குக் கரோலினா இன்னும் ஒரு படி மேலே போனது. எந்த இனத்தவர் எந்த வழியில் ஓட்டுப் போடுகிறார்கள் என்ற புள்ளிவிவரத்தைக் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டு, கறுப்பினத்தவர் அதிகம் பயன்படுத்திய வழிகளைச் சுருக்கியது. முன்கூட்டி ஓட்டுப் போடும் நாட்கள் 17இலிருந்து 10 ஆயின. அறுவைச் சிகிச்சை செய்கிற துல்லியம் என்று சொல்லி 2016இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தச் சட்டத்தை ரத்து செய்தது.

இதெல்லாம் தெரிந்தும் எதிர்த்தரப்பின் கூச்சலோடு நான் முழுக்கச் சேர்ந்துகொள்ள மாட்டேன். 2021இல் ஜார்ஜியா போட்ட சட்டத்தை, பழைய இனவொதுக்கல் சட்டங்களே திரும்பி வந்துவிட்டன என்று அதிபர் பைடனே பேசினார். அட்லாண்டாவில் நடக்க வேண்டிய பேஸ்பால் ஆட்டத்தை டென்வருக்கு மாற்றினார்கள். அந்தச் சட்டத்தில் அபத்தம் உண்டு, மறுக்கவில்லை. வரிசையில் நிற்கிறவருக்குத் தண்ணீர் பாட்டில் கொடுத்தால் குற்றம் என்றது. ஆனால் கட்டாயமாக இரண்டு சனிக்கிழமைகள் முன்கூட்டி ஓட்டுப் போடலாம் என்றும் அதே சட்டம்தான் சொன்னது. அடுத்த ஆண்டுத் தேர்தலில் அங்கே முன்கூட்டி ஓட்டுப் போட வந்த கூட்டம் குறையவில்லை. அட்டைச் சட்டங்களால் மொத்த வாக்குப்பதிவு பெரிதாகக் குறைவதில்லை என்று பத்தாண்டுத் தரவுகளை வைத்து ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். அதே ஆய்வு மோசடி குறைந்ததற்கும் சான்று கிடைக்கவில்லை என்கிறது. அதை இந்தச் சட்டங்களைக் கொண்டுவரும் குடியரசுக் கட்சிக்காரர்கள் மேடையில் சொல்ல மாட்டார்கள்.

மொத்தக் கணக்கில் தெரியாதது தனி ஆளுக்கு நடக்கும். நீங்கள் சொன்ன தபால் ஓட்டு எண்ணையே எடுத்துக்கொள்வோம். டெக்சாஸில் 65 வயதானவர்கள் காரணம் சொல்லாமல் தபாலில் ஓட்டுப் போடலாம். 2021 சட்டப்படி உறையில் லைசென்ஸ் எண்ணையோ சமூகப் பாதுகாப்பு எண்ணின் கடைசி நான்கு இலக்கத்தையோ எழுத வேண்டும். அது ஆவணத்தில் ஏற்கெனவே இருக்கும் எண்ணோடு பொருந்த வேண்டும். முப்பது வருடத்துக்கு முன் பதிந்தபோது எதைக் கொடுத்தோம் என்று எந்தத் தாத்தாவுக்கு ஞாபகம் இருக்கும்? போதாக்குறைக்கு, எழுத வேண்டிய கட்டம் உறையின் மடிப்புக்கு அடியில் ஒளிந்திருந்தது. 2022 மார்ச்சில் நடந்த முதல்கட்டத் தேர்தலில் வந்த தபால் ஓட்டுகளில் சுமார் 12 சதவீதம், 24,000க்கும் மேல், எண்ணப்படாமல் தள்ளப்பட்டன. நவம்பருக்குள் விளக்கிச் சொல்லி 3 சதவீதத்துக்குக் கீழே கொண்டுவந்துவிட்டார்கள். மார்ச்சில் போனது போனதுதான்.

உங்கள் மகளுக்கு நெருக்கமான ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். 2019 ஜனவரியில் டெக்சாஸ் அதிகாரிகள் ஒரு பட்டியலை வெளியிட்டார்கள். வாக்காளர்களில் சுமார் 95,000 பேர் குடிமக்களாக இல்லாமல் இருக்கக்கூடும், அவர்களில் 58,000 பேர் ஓட்டும் போட்டிருக்கிறார்கள் என்றார்கள். அதிபர் டிரம்ப் உடனே ட்விட்டரில் அதைப் பரப்பினார். கையில் இருந்த ஆதாரம் இவ்வளவுதான்: இவர்கள் லைசென்ஸ் வாங்கியபோது தாங்கள் குடிமக்கள் அல்ல என்று சொல்லியிருந்தார்கள். அது உண்மை. ஆனால் அவர்களில் பலர் விசாவிலோ பச்சை அட்டையிலோ (கிரீன் கார்டு) இருக்கும்போது லைசென்ஸ் வாங்கி, பிறகு முறைப்படி குடியுரிமை பெற்று, ஓட்டுப் போட்டவர்கள். சில நாட்களிலேயே குறைந்தது 25,000 பெயர்கள் தவறு என்று தெரிந்தது. வழக்குப் போட்டார்கள், ஏப்ரலில் அரசு சமரசத்துக்கு வந்து பட்டியலைக் கைவிட்டது, பொறுப்பில் இருந்த மாநிலச் செயலர் மே மாதம் பதவி விலகினார். அதற்குள் சில கவுண்டிகளில், நீ குடிமகன்தான் என்பதற்கு முப்பது நாளுக்குள் ஆவணம் காட்டு என்று கடிதங்கள் போய்விட்டன.

மகள் அடுத்த முறை போனில் பேசும்போது, பூத்தில் காட்டிய அந்த லைசென்ஸை முதலில் எந்த விசாவில் இருந்தபோது வாங்கினாள் என்று கேட்டுப் பாருங்கள்.