புதியவர்கள் வந்து நிலைக்க: கேள்வி பதில்

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் வாசிப்பு வட்டமொன்றின் செயலாளராக இருந்த மூத்த மாணவி, இளையவர்களின் கேள்விகளுக்கு விடையளிக்கிறார்.

அக்கா, அறிமுகக் கூட்டத்துக்கு எண்பது பேர் வந்தார்கள். அடுத்ததற்கு ஒன்பது பேர்தான். எங்கே பிழைத்தோம்?

தங்கச்சி, வரவேற்புரை, தலைமையுரை, நன்றியுரை என்று இரண்டு மணித்தியாலம் கடந்தால், புதியவர் பக்கத்துக் கதிரையில் இருப்பவரின் பெயரைக்கூட அறியாமல் எழுந்துபோவார். நாங்கள் உரைகளைக் கைவிட்டு, உலர்ந்த பனங்கிழங்கு மாவில் செய்யும் ஒடியற்கூழ் காய்ச்சினோம். மாவை ஊறவைத்து வடிக்க ஒருவர், பயற்றங்காய் முறிக்க இருவர், பலாக்கொட்டை கோது நீக்க மூவர் என எல்லோருக்கும் வேலை இருந்ததால் எவரும் ஒதுங்கி நிற்க நேரவில்லை. மட்டக்களப்பிலிருந்து வந்த தங்கை ஒருத்தி கூழ் குடிக்கப் பிலாவிலையைக் கிண்ணம்போலக் கோலத் தெரியாமல் தடுமாறியபோது, பருத்தித்துறைத் தம்பி ஒருவர் அதை வாங்கி மடித்து, ஈர்க்குக் குத்திக் கொடுத்தார். அடுத்த வாரம் இருவருமே புத்தகத்தோடு வந்தார்கள். பலர் மச்சம் உண்ணாத வெள்ளிக்கிழமையைத் தவிருங்கள்; மற்ற நாட்களிலும் மச்சம் உண்ணாதவர்களுக்கு நண்டு, இறால் சேராத பானை ஒன்றை வேறாக வையுங்கள், ஏனெனில் தனக்கு உண்ண எதுவுமில்லை என்று கண்டவர் மறுபடி வரமாட்டார்.

செலவை எப்படிச் சமாளிப்பது?

மூத்தவர்கள் பங்கிட வேண்டும். முதலாம் வருடத்தினரிடம் காசு கேட்காதீர்கள்.

மூத்தவர்கள் அழைத்தாலே பகிடிவதை (ராகிங்) என்று புதியவர்கள் அஞ்சுகிறார்களே?

அந்த அச்சம் நியாயமானது, அதைப் பரிகசிக்காதீர்கள். கல்வி நிறுவனங்களில் பகிடிவதையைக் குற்றமாக்கும் சட்டம் 1998ஆம் ஆண்டிலேயே நிறைவேறியும், பயம் இன்னும் விடுதிவரை கூடவே வருகிறது. ஆகவே மாணவர் ஆலோசகருக்கு முன்கூட்டியே அறிவித்து, விரிவுரையாளர் ஒருவரையும் அழைத்து, பகல் வெளிச்சத்தில், யாவரும் பார்க்கக்கூடிய திறந்த இடத்தில் நடத்துங்கள். பாடச் சொல்லியோ ஆடச் சொல்லியோ எவரையும் எழுப்பாதீர்கள். விரும்பிய நேரத்தில் போகலாம் என்பதை அழைப்பிலேயே எழுதுங்கள்.

ஊர்காவற்றுறையிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்துபோகிறேன். மாலை நிகழ்ச்சிகளுக்கு நிற்க முடிவதில்லை.

தம்பி, இது உங்கள் குறையன்று, நேரம் குறித்தவர்களின் குறை. மூன்று மணிக்குத் தொடங்கி ஐந்துக்குள் முடித்தால் தீவகத்தாரும் வடமராட்சியாரும் பங்கேற்பார்கள்.

நிகழ்ச்சி முடிந்ததும் வட்ஸ்அப் குழுவில் சேர்த்துவிட்டால் போதுமா?

போதாது. கலையுமுன்னே அடுத்த சந்திப்பின் நாளைச் சொல்லி, புதியவர் ஒவ்வொருவரிடமும் சிறு பொறுப்பொன்றை ஒப்படையுங்கள்: ஒருவர் பாய் விரிக்கட்டும், இன்னொருவர் தமக்குப் பிடித்த சிறுகதையொன்றைக் கொண்டுவரட்டும்.